ரீச், சிபிஎம், ஜிஆர்பி: விளம்பரம் போடும் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு விளம்பரம் ஏற்பாடு செய்து கொடுப்பதும், பிறர் கொடுத்த கொட்டேஷனைப் படித்துச் சொல்வதும் என் பிழைப்பு. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் போன் ஓயாது. கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் இந்த முறை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கணக்குகளில் வரும் தொகைகள் புரிவதற்காக நானாகப் போட்டவை, யாருடைய விலைப்பட்டியலும் இல்லை.

மார்க்கெட்டிங்னா விளம்பரம்தானே? ஏன் ரெண்டு வார்த்தை?

விளம்பரம் மார்க்கெட்டிங்கில் ஒரு துண்டு. இட்லி மாவு விற்கிறீர்கள் என்று வையுங்கள். மாவு புளிக்காமல் எத்தனை நாள் நிற்கும், ஒரு கிலோ பை போதுமா, அரைக் கிலோவும் போடலாமா, என்ன விலை, தேக்காவில் மட்டுமா, ஈசூன் மளிகைக் கடையிலும் கிடைக்குமா, இதெல்லாம் மார்க்கெட்டிங். இத்தனையும் முடிவான பிறகு காசு கொடுத்து ஊருக்குச் சொல்வது விளம்பரம்.

1960ல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரப்படுத்தல் என்று நான்காகப் பிரித்தார். ஆங்கிலத்தில் நான்கும் 'பி'யில் தொடங்குவதால் 'ஃபோர் பீஸ்'. கூட்டத்தில் யாராவது அந்தச் சொல்லைப் போட்டால் இதைத்தான் சொல்கிறார், பயப்பட வேண்டாம்.

மீடியா பிளானிங்னு தனியா காசு கேக்குறாங்க. பேப்பர் ஆபீசுக்கு நானே போன் பண்ணினா ஆகாதா?

ஆகும். ஒரே ஒரு அரைப்பக்கம் போட வேண்டுமானால் நீங்களே பேசிக்கொள்ளலாம். மீடியா பிளானர் வேலை அதற்கு முன்னால் வருவது. யாரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எதைப் படிக்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எத்தனை வாரம், எத்தனை தடவை, கையில் இருக்கும் 5,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) எப்படிப் பிரிப்பது என்று தாளில் போட்டுக் கொடுப்பார். அந்தத் தாள்தான் மீடியா பிளான். அதை வைத்துப் பேரம் பேசி இடம் பிடிப்பவர் மீடியா பையர். சின்ன ஏஜென்சியில் இரண்டும் ஒரே ஆள், பில் போடுவதும் அவரே.

ரிப்போர்ட்ல ரீச்னு ஒரு நம்பர், இம்ப்ரெஷன்னு ஒரு நம்பர். ரெண்டும் ஒண்ணுதானே?

அதிகம் பேர் கேட்டது இதுதான். தேக்கா சந்தைக்கு வெளியே, பஃபலோ சாலை முனையில், ஒரு பையன் நகைக்கடைத் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு நின்றான். கீரை வாங்க உள்ளே போகும்போது எனக்கு ஒன்று நீட்டினான். கீரைக்கட்டோடு வெளியே வந்தபோது இன்னொன்று. கொத்தமல்லியை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன், மூன்றாவது. அவன் கையிலிருந்து போனவை மூன்று, ஆகவே இம்ப்ரெஷன் 3. வாங்கிய ஆள் நான் ஒருவன், ரீச் 1. ஒரே ஆளிடம் மூன்று முறை போனதால் ஃப்ரீக்வென்சி 3.

ரீச் ஆட்களை எண்ணுகிறது, இம்ப்ரெஷன் தடவைகளை எண்ணுகிறது. ஆட்களைச் சராசரித் தடவையால் பெருக்கினால் இம்ப்ரெஷன் வந்துவிடும். 150,000 இம்ப்ரெஷன் என்று ரிப்போர்ட் வந்தால் அது 50,000 பேருக்கு மும்மூன்று தடவையாகவும் இருக்கலாம், 5,000 பேருக்கு முப்பது முப்பது தடவையாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது வகையில்தான் மனிதர்கள் எரிச்சலாகி 'இந்த விளம்பரத்தை மறை' என்று அமுக்குகிறார்கள். பெரிய எண்ணைத்தான் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், நீங்கள் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுங்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. நான் அந்த மூன்று சீட்டில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. கொடுத்ததுதான் கணக்கு, படித்தது கணக்கில் வராது. கீழே வீடியோ கேள்வியில் இது மறுபடி வரும்.

ஒருத்தருக்கு மூணு தடவை காட்டினா போதும்னு சொல்றாங்களே, உண்மையா?

1972ல் ஹெர்பர்ட் க்ரக்மன் என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து வந்த பேச்சு அது. முதல் தடவை பார்ப்பவர் 'இது என்ன?' என்பார், இரண்டாம் தடவை 'இதனால் எனக்கு என்ன?' என்பார், மூன்றாவது நினைவூட்டல் என்றார். அவர் சொன்னது மனதில் நடக்கும் மூன்று கட்டம். டிவியில் இருபது தடவை ஓடிய விளம்பரம் ஒருவருக்கு இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கலாம். விற்பனையாளர்கள் அதை 'மூன்று ஸ்பாட், அதாவது மூன்று தடவை ஓட இடம், வாங்கினால் போதும்' என்று சுருக்கிவிட்டார்கள்.

என் அனுபவத்தில் பொருளைப் பொறுத்துத்தான். முறுக்கு, அதிரசம் விற்பவருக்குப் பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் ஒரு தடவை கண்ணில் பட்டாலே ஆர்டர் வரும். துணைப்பாட நிலையத்துக்கு அப்படி இல்லை. பிள்ளையின் தேர்வு முடிவு வந்த பிறகுதான் அப்பா அம்மா யோசிப்பார்கள், அந்த நேரத்தில் உங்கள் பெயர் ஞாபகத்தில் இருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இணைய விளம்பரத்தில் 'ஃப்ரீக்வென்சி கேப்' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு இத்தனை தடவைக்கு மேல் காட்டாதே என்று வைக்கும் வரம்பு அது.

டார்கெட் ஆடியன்ஸ்னு கேட்ட இடத்துல 'சிங்கப்பூர்த் தமிழர் எல்லாரும்'னு எழுதினேன். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன், அகலம் அதிகம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக ஏறக்குறைய 40 லட்சம் பேர். அதில் இந்தியர் சுமார் 9 சதவீதம், அதாவது 360,000 பேர் அளவில். இந்தியர் எல்லாரும் தமிழர் இல்லை, தமிழர் எல்லாரும் வீட்டில் தமிழ் பேசுவதும் இல்லை. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 2.5 சதவீதம். வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே.

ஆக, தமிழர் என்று நீங்கள் எழுதிய ஒரு வார்த்தைக்குள் குறைந்தது மூன்று கூட்டம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசும் குடும்பம், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், விடுதியில் தங்கி ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் தம்பிகள். நகைச்சீட்டு, துணைப்பாடம், ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை, ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு, அவர்களைப் பிடிக்கும் இடமும் வேறு.

இன்னொரு குழி. ஃபேஸ்புக்கில் மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்தால் தமிழர் அனைவரும் வந்துவிடுவார்கள் என்று நினைப்பார்கள். அந்தச் செயலியைத் தமிழ் மொழியில் வைத்துப் பயன்படுத்துபவர்களைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள், எந்த மொழியில் இருக்கிறது? என்னுடையது ஆங்கிலம்.

டிவி ஆளு 120 ஜிஆர்பி தர்றேங்கிறாரு. சதவீதம் எப்படிங்க நூறைத் தாண்டும்?

ஜிஆர்பி என்பது ரீச் சதவீதத்தைச் சராசரித் தடவையால் பெருக்கியது. வசந்தம் மாதிரி ஒரு ஒளிவழியில் ஒரு மாதம் விளம்பரம் போடுகிறீர்கள். மொத்தப் பார்வையாளரில் 40 சதவீதம் பேர், சராசரியாக மூன்று தடவை பார்த்தால் 40 பெருக்கல் 3, அதாவது 120. துண்டுச்சீட்டுக் கணக்கேதான், ஆட்களுக்குப் பதில் சதவீதம்.

அதே 120, 60 சதவீதம் பேர் இரண்டு தடவை பார்த்தாலும் வரும், 12 சதவீதம் பேர் பத்துத் தடவை பார்த்தாலும் வரும். அதனால் அந்த ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், 'ரீச் எத்தனை சதவீதம், எதில் சதவீதம்?' என்று கேளுங்கள். எல்லாப் பார்வையாளரையும் எடுக்காமல், குறிவைத்த கூட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் டிஆர்பி என்பார்கள்.

ரேடியோ ரேட் கார்டுல டேபார்ட், டிரைவ் டைம், ஆர்ஓஎஸ்னு இருக்கு. எது வாங்கலாம்?

ஒரு நாளைத் துண்டு துண்டாக வெட்டி விற்பதுதான் டேபார்ட். காலையில் வேலைக்குப் போகும் நேரமும் மாலையில் திரும்பும் நேரமும் டிரைவ் டைம், கேட்பவர் அதிகம், விலையும் அதிகம். ஆர்ஓஎஸ் என்றால் 'ரன் ஆஃப் ஸ்டேஷன்', எப்போது காலி இருக்கிறதோ அப்போது போடுவோம் என்ற ஒப்பந்தம். விலை குறைவு, ஆனால் உங்கள் விளம்பரம் நள்ளிரவிலும் போகலாம். சாப்பாட்டுக் கடைக்கு நான் பகல் பதினொரு மணியைக் கேட்டு வாங்குவேன். பசிக்கும் நேரம் அது.

பத்திரிகைக்காரர் சர்குலேஷன் ஒண்ணு, ரீடர்ஷிப் ஒண்ணு சொல்றாரு. எதை நம்புறது?

சர்குலேஷன் எத்தனை பிரதி போகிறது என்பது. ரீடர்ஷிப் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது. வீட்டுக்கு ஒரு தமிழ் முரசு வந்தால் தாத்தா, பாட்டி, மருமகள் என்று மூன்று பேர் படிக்கலாம், அதனால் இரண்டாவது எண் பெரிதாகத்தான் இருக்கும். இரண்டும் நியாயமான கணக்குதான். ஒரு பத்திரிகையின் சர்குலேஷனை இன்னொன்றின் ரீடர்ஷிப்போடு ஒப்பிடாமல் இருந்தால் சரி.

ஏடிஎல், பிடிஎல்னு பேசுறாங்களே, எந்தக் கோடு அது?

ஏஜென்சிக் கணக்குப் புத்தகத்தில் கிழித்த கோடு என்பார்கள். டிவி, வானொலி, பத்திரிகை மாதிரி ஊருக்கே கேட்கும் செலவு கோட்டுக்கு மேலே ('அபவ் த லைன்', ஏடிஎல்). துண்டுச்சீட்டு, கடைவாசல் ஸ்டால், சாம்பிள் கொடுப்பது கோட்டுக்குக் கீழே ('பிலோ த லைன்', பிடிஎல்). இணையம் வந்தபின் கோடு அழிந்துபோய், இரண்டும் கலந்ததை டிடிஎல் ('த்ரூ த லைன்') என்கிறார்கள்.

சிபிஎம்ல 'எம்' மில்லியன்தானே? நாலு வெள்ளிக்கு பத்து லட்சம் பேரா?

இருந்தால் நான் இந்தத் தொழிலில் இருக்க மாட்டேன், தீவு வாங்கியிருப்பேன். 'மில்லே' என்றால் லத்தீனில் ஆயிரம். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு என்ன விலை என்பதுதான் சிபிஎம். 600 வெள்ளிக்கு 150,000 இம்ப்ரெஷன் கிடைத்தால் சிபிஎம் 4 வெள்ளி. ஆயிரம் தடவை என்பதைக் கவனியுங்கள், ஆயிரம் பேர் இல்லை.

சிபிஎம், சிபிசி, சிபிஏ. எது கம்மியா இருந்தா நல்ல விளம்பரம்?

அதே 600 வெள்ளியைத் தொடர்வோம். 150,000 தடவை காட்டியதில் 1,200 கிளிக் வந்தால், ஒரு கிளிக்குக்கு 50 காசு, அது சிபிசி. காட்டியதில் எத்தனை சதவீதம் கிளிக் என்பது சிடிஆர், இங்கே 0.8. கிளிக் செய்தவர்களில் 24 பேர் ஆர்டர் கொடுத்தால் கன்வர்ஷன் ரேட் 2 சதவீதம். ஓர் ஆர்டர் பிடிக்க ஆன செலவு 25 வெள்ளி, அது சிபிஏ. ஒரே காசு, மேலிருந்து கீழே வடிகட்டி வருகிறது. கடைசியில் கையில் நிற்பது சிபிஏ, மற்றதெல்லாம் எங்கே அடைப்பு என்று பார்ப்பதற்கு.

மேலே இருப்பது மலிவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உட்லண்ட்ஸில் கேட்டரிங் செய்யும் அண்ணன் ஒருவர், தானே போனில் உட்கார்ந்து விளம்பரம் போட்டார். கடையைச் சுற்றி 15 கிலோமீட்டர் வட்டம். கிளிக் 12 காசுக்கு வந்தது. 'நீ வாங்கிக் கொடுப்பதில் பாதி விலைகூட இல்லையே' என்று என்னைக் கிண்டல் செய்தார். ஒரே வாரத்தில் பதினேழு வாட்ஸ்அப். போனை என்னிடம் நீட்டினார். பார்த்தால் எல்லா எண்ணும் 60ல் தொடங்குகிறது, மலேசிய எண்கள். 'பிரியாணி எவ்வளவு? தாமான் வீட்டுக்கு டெலிவரி உண்டா?' உட்லண்ட்ஸிலிருந்து 15 கிலோமீட்டர் வட்டம் போட்டால் கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவில் பாதி ஊர் உள்ளே வந்துவிடும், அங்கே கிளிக் விலை குறைவு, அதனால் காசு முழுக்க அங்கே ஓடியது. சிபிசி அருமை, சிபிஏ கணக்கிட ஓர் ஆர்டர்கூட இல்லை. வட்டத்தைக் கலைத்துவிட்டு 'சிங்கப்பூர்' என்று நாட்டின் பெயரைப் போட்டோம். கிளிக் விலை ஏறியது, சோறும் விற்றது.

சிடிஆர் ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் வருது. என் விளம்பரம் மோசமா?

1994 அக்டோபரில் ஹாட்வயர்டு இணையத் தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் (பக்கத்தில் வரும் பட விளம்பரம்) வந்தபோது, பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். அப்போது அது புதுமை. இப்போது பேனரில் ஒரு சதவீதத்துக்கும் கீழே வருவது சாதாரணம். கூகுள் தேடலில் வரும் விளம்பரத்துக்கு அதைவிட நிறைய வரும், காரணம் தேடுகிறவரே வாங்க வந்தவர். அதனால் பேனர் சிடிஆரையும் தேடல் சிடிஆரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

வீடியோவுக்கு 20,000 வியூஸ். 20,000 பேர் பாத்தாங்கன்னு சொல்லிக்கலாமா?

எந்த இடத்து வியூ என்று முதலில் கேளுங்கள். ஃபேஸ்புக் விளம்பர ரிப்போர்ட்டில் மூன்று விநாடி ஓடினாலே கணக்கில் ஏறும் ஓர் எண் உண்டு. யூடியூபில் தாண்டிச் செல்லக்கூடிய விளம்பரத்துக்கு 30 விநாடி, அல்லது வீடியோ அதைவிடச் சின்னது என்றால் முழுவதும், அல்லது ஏதாவது ஒரு கிளிக். கேட்க ஒன்றுபோல இருக்கும், பத்து மடங்கு வித்தியாசம்.

'வியூவபிலிட்டி' என்ற சொல்லும் ரிப்போர்ட்டில் வரும். வீடியோ விளம்பரத்தின் பரப்பில் பாதி, தொடர்ந்து இரண்டு விநாடி திரையில் தெரிந்தால் 'பார்க்கக்கூடியதாக இருந்தது' என்று துறையின் அளவுகோல் ஏற்றுக்கொள்ளும். படமாக இருந்தால் பாதி, ஒரு விநாடி. என் பையிலேயே கசங்கிய அந்த நகைக்கடைச் சீட்டு இந்த அளவுகோலில் தேறியிருக்கும். எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்ற எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ரோவாஸ் நாலுன்னு காட்டுது, கல்லாவில காசே காணோம். யாரு பொய் சொல்றா?

யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கு வேறு. ரோவாஸ் என்பது விளம்பரச் செலவுக்கு எத்தனை மடங்கு விற்பனை வந்தது என்பது. 500 வெள்ளி போட்டு 2,000 வெள்ளிக்குச் சேலை விற்றால் ரோவாஸ் 4. ஆனால் சேலையின் கொள்முதல் 1,500 வெள்ளி. மிச்சம் 500, அது விளம்பரத்துக்குச் சரியாகப் போயிற்று. வாடகைக்கும் வேலையாள் சம்பளத்துக்கும் பூஜ்யம். கைக்கு வரும் லாபத்தைப் பார்ப்பதுதான் ஆர்ஓஐ. உங்கள் லாப விகிதத்தால் ஒன்றை வகுத்தால், எத்தனை ரோவாஸ் வந்தால் விளம்பரச் செலவாவது மீளும் என்று தெரியும். 25 சதவீத லாபம் என்றால் 4. வீட்டில் பலகாரம் செய்து 60 சதவீதம் நிற்கும் அக்காவுக்கு 1.7 போதும்.

சரி, இதைவிடச் சிக்கலானது ஒன்று. ஒரு வாடிக்கையாளர் புதன்கிழமை ஃபேஸ்புக்கில் உங்கள் வீடியோவைக் கிளிக் செய்தார். வெள்ளிக்கிழமை கூகுளில் கடைப் பெயரைத் தேடி, மேலே வந்த உங்கள் விளம்பரத்தை அமுக்கி வாங்கினார். இரண்டு ரிப்போர்ட்டிலும் 'ஒரு விற்பனை' ஏறும், கல்லாவில் ஒன்றுதான். யாருக்கு அந்த விற்பனையைச் சேர்ப்பது என்ற தகராறுக்குப் பெயர் அட்ரிபியூஷன். ஃபேஸ்புக்கில் நாமாக மாற்றாவிட்டால், கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

கடைப் பெயரைத் தேடி வந்தவர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரே என்று கேட்டால், நல்ல கேள்வி. விளம்பரம் இருந்ததால் மட்டுமே கூடுதலாக வந்த விற்பனையை 'இன்க்ரிமென்டல்' என்பார்கள். பண்டிகை இல்லாத மாதத்தில் இரண்டு வாரம் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். சில கடைகளில் ஒன்றும் குறையவில்லை. சில கடைகளில் பக்கத்துக் கடைக்காரர் உங்கள் பெயரிலேயே விளம்பரம் வாங்கி வைத்திருப்பார், நிறுத்தினால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள்.

காசு குடுத்து ஒருத்தர வீடியோ போடச் சொன்னா 'விளம்பரம்'னு போடணுமா? போட்டா யாரு பாப்பா?

போட வேண்டும். சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016ல் சமூக ஊடக விளம்பரங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பத்திரிகையில் கட்டுரை மாதிரி வரும் அட்வர்டோரியலின் தலையில் சின்னதாக 'விளம்பரம்' என்று இருப்பதும் இதே வழக்கம்தான். யார் பார்ப்பார்கள் என்றால், நான் பார்த்தவரை, சமையல் நன்றாக இருந்தால் மேலே என்ன போட்டிருந்தாலும் பார்க்கிறார்கள்.

பழைய பில் புத்தகத்துல 3,000 போன் நம்பர் இருக்கு. எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல ஆஃபர் தட்டி விடலாமா?

அவசரப்படாதீர்கள். 2014 ஜனவரியிலிருந்து 'அழைக்க வேண்டாம்' பதிவேடு இருக்கிறது. அதில் எண்ணைப் பதிந்தவருக்கு, அவர் தெளிவாகச் சம்மதிக்காமல் விற்பனைச் செய்தி அனுப்பக் கூடாது, தொலைபேசி எண்ணுக்குப் போகும் வாட்ஸ்அப்பும் அதில் அடக்கம். ஆப்ட்-இன் என்றால் 'அனுப்புங்கள்' என்று அவரே சொன்னது. ஆப்ட்-அவுட் என்றால் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வழி கொடுப்பது. ஆறு வருடம் முன்னால் ஒரு தாவணி வாங்கியவர் ஆப்ட்-இன் ஆகிவிட மாட்டார். கவுண்டரில் ஒரு சின்ன அட்டை வைத்து, புதிதாகச் சம்மதம் வாங்கித் தொடங்குங்கள்.

ரெண்டு ஏஜென்சி கொட்டேஷன். ஒண்ணு 3,000 குரோஸ், ஒண்ணு 2,700 நெட். ரெண்டாவதுதானே மலிவு?

அடியில் இருக்கும் வரியைப் படியுங்கள். 'குரோஸ்' என்றால் ஏஜென்சியின் கமிஷன் உள்ளே அடங்கியது, பழைய வழக்கப்படி 15 சதவீதம். 'நெட்' என்றால் ஊடகத்துக்குப் போவது மட்டும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது தாளில் கடைசியில் 'கூடுதலாக 15 சதவீதச் சேவைக் கட்டணம்' என்று இருக்கிறது. 2,700ஓடு 405 சேர்ந்தால் 3,105. இரண்டுக்கும் மேலே 9 சதவீத ஜிஎஸ்டி. முதலாவது 3,270 வெள்ளி, இரண்டாவது 3,384 வெள்ளி 45 காசு.

அப்புறம், இரண்டாவதில் 'எஃப்ஓசி 6 ஸ்பாட்' என்று பச்சை மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். இலவசம்தான், ஆனால் பக்கத்தில் ஆர்ஓஎஸ் என்று எழுதியிருக்கிறது, அது என்ன என்று மேலே ரேடியோ கேள்வியில் பார்த்தோம். முதல் தாளில் எஃப்ஓசி இரண்டே இரண்டு, நேரம் காலை 7.40 என்று போட்டிருக்கிறது. 'மேக்-குட்' பற்றியும் இரண்டு பேரிடமும் கேளுங்கள், சொன்ன நேரத்தில் விளம்பரம் ஓடாமல் போனால் ஈடாக எப்போது ஓட்டுவார்கள் என்பது அது. தீபாவளி முடிந்த மறுநாள் ஓட்டுகிறேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.